வீட்டு இணையம் ஏன் தயங்குகிறது?

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாயார் குவைத் நாட்டில் செவிலியராகப் பணிபுரிகிறார். நாள்தோறும் நமக்கு இரவு எட்டரை மணியாகும்போது அங்கே மாலை ஆறு மணி. அந்நேரத்தில் அவர் வீடியோ அழைப்பில் வந்து குடும்பச் செபமாலையில் கலந்துகொள்வது வழக்கம். மங்கள வார்த்தை செபத்தின் முதற்பாதியைப் பாட்டி சொல்ல, மறுபாதியைத் தாயார் குவைத்திலிருந்து சொல்வார். சென்ற மழைக்காலத்தில் இந்த ஒழுங்கு குலைந்தது. பாட்டி சொல்லி முடித்துக் காத்திருப்பார்; பதில் வராது. அழைப்பு அறுந்துவிட்டது என்றெண்ணி அடுத்ததைத் தொடங்குவார். அப்போதுதான் முந்தியதற்குரிய பதில் வந்து சேரும். இரு குரல்களும் ஒன்றன்மேல் ஒன்று விழும். படமோ வாய் திறந்தபடியே அசையாமல் நின்றுவிடும். ஒரு வாரம் பொறுத்த பாட்டி, "அவள் அங்கேயே தனியாகச் சொல்லிக்கொள்ளட்டும்" என்று கூறிவிட்டார். மறுநாள் பள்ளியில் இதைச் சொல்லி எங்கள் தோழி அழுதாள்.

இணைப்புக் கொடுத்தவரிடம் அவள் தந்தையார் முறையிட்டபோது, 50 மெகாபிட் திட்டத்தை விட்டு 100 மெகாபிட் திட்டத்துக்கு மாறும்படி யோசனை கூறினார்களாம். மாறினார்கள். மாதக் கட்டணம் ஏறிற்று. செபமாலையின் நிலை மாறவில்லை. ஆகவே நாங்கள் மூவரும் விஞ்ஞானக் கழகத்தின் இவ்வாண்டு ஆய்வுக்கு இதனையே பொருளாக எடுத்துக்கொண்டோம். எங்கள் பௌதிக ஆசிரியையான சகோதரி அனுமதி தந்ததோடு ஒரு செய்தியும் கூறினார். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டத்தை முதன்முதலில் பெற்றவர்களுள் ஒருவர் ஒரு கன்னியர். சகோதரி மேரி கென்னத் கெல்லர் என்பது அவர் பெயர். பட்டம் பெற்ற ஆண்டு 1965. அயோவா மாநிலத்திலுள்ள கிளார்க் கல்லூரியில் கம்ப்யூட்டர் துறையைத் தொடங்கி நடத்தியவரும் அவரே. இதைக் கேட்டபின் எங்களுக்குத் துணிவு பிறந்தது.

முதலில், வேகம் என்று எதைச் சொல்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. கட்டண ரசீதில் 100 மெகாபிட் என்று இருப்பது, ஒரு விநாடியில் எவ்வளவு தகவல் வரக்கூடும் என்னும் அளவு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் ஆகையால், 100 மெகாபிட் என்பது விநாடிக்கு 12.5 மெகாபைட்தான். (திரைப்படத்தை இறக்கும்போது கம்ப்யூட்டர் 12 என்று காட்டினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று சினம் கொள்ள வேண்டியதில்லை.) இது வழியின் அகலம். ஒரு தகவல் புறப்பட்டுப் போய்ச் சேர்ந்து, அதற்குப் பதில் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பது முற்றிலும் வேறான அளவு. அது தாமதம். தெருக்குழாயில் தண்ணீர் பெருக்காகத்தான் வருகிறது. ஆனால் முன்னால் நாற்பது குடங்கள் வரிசையில் இருக்கின்றன. ஒரு செம்பு நீருக்காக வந்தவளும் அந்த நாற்பது குடமும் நிறையும்வரை நிற்கத்தானே வேண்டும்? செபமாலை அழைப்பு அந்தச் செம்பைப் போன்றது. அதற்கு வேண்டியது சுமார் 1 மெகாபிட்தான். ஆனால் காத்திருக்க அதனால் இயலாது.

குவைத் தூரமாயிற்றே, அதனால் தாமதமோ என்று கணக்கிட்டுப் பார்த்தோம். சென்னையிலிருந்து குவைத் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். போய்வர 8,000 கிலோமீட்டருக்கு 40 மில்லி விநாடி போதும். கடலடிக் கம்பிகள் வளைந்து சுற்றிச் செல்வதால் அதைப்போல் மூன்று மடங்கு என்று வைத்தாலும் ஒரு விநாடியில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாது. ஆகவே தூரத்தின்மேல் பழி போட வழியில்லை.

இனி, இணைய வேகத்தைக் கூட்டும் வழிகள் என்று பலரும் சொல்லிக் கேட்டவற்றை ஒவ்வொன்றாக எடுத்தோம். கம்ப்யூட்டரில் "ஏற்கும் சாளரம்" என்ற அளவை மாற்று என்பது அவற்றுள் மிகப் பழையது. இது பொய்யன்று; ஒரு காலத்து மெய். தகவல்களெல்லாம் பாக்கெட் எனப்படும் சிறு பொட்டலங்களாகவே செல்கின்றன. பெற்றுக்கொண்டேன் என்ற பதில் வருமுன் இவ்வளவுதான் அனுப்பலாம் என்று ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லைக்கே சாளரம் என்று பெயர். முதலில் வகுத்த விதிப்படி அது 65,535 பைட்டுக்குமேல் போகக்கூடாது. அமெரிக்காவிலுள்ள ஒரு கம்ப்யூட்டரிடமிருந்து பதில் வர 0.2 விநாடி ஆகிறதென்றால், விநாடிக்கு ஐந்து முறைதான் அவ்வளவை அனுப்ப முடியும். பெருக்கிப் பாருங்கள்: 2.6 மெகாபிட்! வழி 100 மெகாபிட் அகலமிருந்தும் 2.6தான் ஓடும். இதற்குப் பரிகாரமாகச் சாளரத்தைப் பெரிதாக்கும் விதியை 1992ல் வகுத்தார்கள். ஆனால் விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அதனைக் கையால் திருத்த வேண்டியிருந்தது. 2007ல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு கம்ப்யூட்டரே தேவைக்கேற்பச் சாளரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது.

இதை அறியாமல் எங்களுள் ஒருத்தி, அந்தத் தானியங்கி ஏற்பாட்டை நிறுத்தினால் வேகம் கூடும் என்று எங்கோ கேட்டு, தன் அண்ணனின் கம்ப்யூட்டரில் அதனை நிறுத்திவிட்டாள். சாளரம் பழையபடி சுருங்கியது. தொலைவிலிருந்து இறக்கும் கோப்புகளெல்லாம் நத்தையாயின. அவனுக்குத் தெரியுமுன் மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தாள். மேலும், வீடியோ அழைப்புகள் பெரும்பாலும் இந்தச் சாளர முறையிலேயே செல்வதில்லை என்பதைப் பின்னர் அறிந்தோம். எனவே நாங்கள் செய்தது பல்வலிக்குக் காலில் தைலம் தடவிய கதைதான்.

விண்டோஸ் இருபது சதவீத வேகத்தைத் தனக்கென ஒதுக்கி வைத்திருக்கிறது, அதை விடுவிக்க வேண்டும் என்பது மற்றொரு கூற்று. ஏதேனும் ஒரு புரோகிராம் கேட்டால் மட்டுமே அந்த ஒதுக்கீடு. கேட்காதபோது முழு வழியும் எல்லோருக்கும் உரியது என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே விளக்கியுள்ளது. அடுத்தது பாக்கெட்டின் அளவு. ஈதர்நெட் வழியில் ஒரு பாக்கெட்டின் பேரளவு 1500 பைட். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பிபிபிஓஇ முறையில் 8 பைட் தலைப்புக்குப் போய்விடுவதால் 1492. ரவுட்டர் இதைத் தானே சரிசெய்துகொள்கிறது. தோழியின் வீட்டு ரவுட்டரில் 1492 என்றே இருந்தது, தொடாமல் விட்டோம். டிஎன்எஸ் என்பது பெயரைக் கொடுத்தால் எண்முகவரியைத் தேடித் தரும் பணியாளர். அதை 8.8.8.8 என்றோ 1.1.1.1 என்றோ மாற்றினால் சில இடங்களில் பக்கங்கள் சற்று விரைவாகத் திறக்கும். ஆனால் பெயர் கிடைத்தபின் அதற்கு அங்கே வேலையில்லை. நடந்துகொண்டிருக்கும் அழைப்பை அது விரைவுபடுத்தாது.

வைஃபை விஷயத்தில் மட்டும் உண்மையான குறை ஒன்றைக் கண்டுபிடித்தோம். அழகு கெடுகிறதென்று ரவுட்டரை இரும்புப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்கள்! இரும்பு ரேடியோ அலையை மறைக்கும் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். அதனை வெளியே எடுத்துக் கூடத்து அலமாரியின் மேல் வைத்தோம். வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு அலைவரிசைகளில் இயங்குகிறது. முன்னது சுவரைத் தாண்டித் தூரம் போகும். ஆனால் அண்டை வீட்டார் அனைவரும் அதில்தான் இருப்பார்கள், மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலையில்தான் வேலை செய்கிறது. பின்னது தூரம் போகாது, நெரிசல் குறைவு. செபத்துக்கு வைக்கும் டேப்லெட் கூடத்திலேயே இருப்பதால் அதை 5க்கு மாற்றினோம். 2.4ல் ஒன்றோடொன்று மோதாத வழிகள் 1, 6, 11 ஆகியவை; அண்டை வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 6ல் இருந்ததால் இதனை 11ல் வைத்தோம். பகலில் படம் துலக்கமாக வந்தது. நாங்கள் வெற்றி என்று ஆரவாரித்தோம். அன்றிரவு எட்டரைக்கு மீண்டும் பழைய கதை.

பகலில் நன்றாக இருந்து இரவில் மட்டும் கெடுவானேன்? இந்தக் கேள்விதான் எங்களுக்கு வழிகாட்டிற்று. சிறு பாக்கெட் ஒன்றை அனுப்பிப் பதில் வரும் நேரத்தை அளக்கும் பிங் என்ற கட்டளையை மாலை ஆறு மணியிலிருந்து ஓடவிட்டு, தோழி ஐந்து நிமிடத்துக்கொருமுறை நோட்டில் எழுதினாள். எட்டு மணிவரை 30க்கும் 40க்கும் இடையில் இருந்த மில்லி விநாடி, எட்டேகாலுக்குப் பிறகு 700, 800 என்று ஏறி ஒன்பதரைவரை இறங்கவில்லை. எட்டேகாலுக்கு என்ன நடக்கிறது? தந்தையார், சித்தப்பா, சித்தி, அண்ணன் நால்வரும் வேலையும் கல்லூரியும் முடிந்து வந்து கைபேசிகளைச் சார்ஜில் போடுகிறார்கள். உடனே நான்கு கைபேசிகளும் அன்றைய படங்களையும் வீடியோக்களையும் சேமிப்பகத்துக்கு அனுப்பத் தொடங்குகின்றன! இணைப்பில் வரும் வழி 100 மெகாபிட். போகும் வழியோ வெறும் 10. திட்டத்தை மாற்றியபோது அகலமானது வரும் வழி மட்டுமே. போகும் வழி அன்றும் 10, இன்றும் 10. பாட்டியின் குரல் போக வேண்டியது அந்தக் குறுகிய வழியில்தான்.

வழி குறுகலென்றால் பாக்கெட்டுகள் வாசலில் வரிசை கட்டும். ஒன்றும் வீணாகக்கூடாது என்று நல்லெண்ணத்துடன் அந்த வாசலில் பெரிய நினைவகத்தை வைத்திருக்கிறார்கள். அதில் 1 மெகாபைட், அதாவது 8 மெகாபிட், தேங்கி நின்றால் 10 மெகாபிட் வழியில் அது வடிய 0.8 விநாடி வேண்டும். தோழி நோட்டில் எழுதிய 800 மில்லி விநாடியும் அதுவே! இந்தக் கணக்கு பொருந்திய அன்று நாங்கள் மூவரும் விஞ்ஞானக் கூடத்தில் போட்ட கூச்சலுக்குச் சகோதரியிடம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1986ஆம் ஆண்டு அக்டோபரில், கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் அதற்குச் சுமார் 400 கெஜ தூரத்திலிருந்த பல்கலைக்கழகத்துக்கும் இடையே தகவல் வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக வீழ்ந்தது. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் பதில் வரவில்லையே என்று மீண்டும் மீண்டும் அனுப்பி நெரிசலைப் பெருக்கியதே காரணம். வான் ஜேக்கப்சன் என்பவர் இதனை ஆராய்ந்து, 1988ல் ஒரு தீர்வை வெளியிட்டார். பாக்கெட் காணாமற்போனால் வழியில் நெரிசல் என்று கொள். உடனே வேகத்தைக் குறை. பிறகு மெல்ல ஏறு. இன்றும் கம்ப்யூட்டர்கள் இந்த அடிப்படையில்தான் அடக்கமாக நடந்துகொள்கின்றன. ஆனால் வாசல் நினைவகம் மிகப் பெரிதாகிவிட்டால் பாக்கெட் காணாமற்போவதே இல்லை, வரிசையில்தான் நிற்கிறது. அனுப்புகிறவன் நெரிசலை அறியாமல் மேலும் மேலும் கொட்டுகிறான். 2010ல் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தம் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பும்போது தாமதம் ஒரு விநாடிக்கும் மேல் போவதைக் கண்டு, இந்த நோயை உலகுக்கு எடுத்துரைத்தார். 2012ல் கேத்லீன் நிக்கல்ஸ் என்ற பெண்மணியும் அதே ஜேக்கப்சனும் சேர்ந்து கோடெல் என்னும் முறையை வெளியிட்டனர். வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை. ஒரு பாக்கெட் எவ்வளவு நேரம் நின்றது என்றே பார்க்கிறது. காத்திருப்பு 5 மில்லி விநாடிக்குக் குறையாமல் 100 மில்லி விநாடி நீடித்தால், ஒரு பாக்கெட்டை வேண்டுமென்றே தள்ளிவிட்டு அனுப்புகிறவனுக்குக் குறிப்புக் காட்டுகிறது. எங்களுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது.

தோழியின் வீட்டு ரவுட்டரில் கோடெல் இல்லை. புதிதாக வாங்கச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் வேக வரம்பு வைக்கும் பக்கம் இருந்தது. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் அதன் முகவரி அச்சிட்டிருக்கும், 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்பது பெரும்பாலும் காணப்படுவது. தந்தையாரின் அனுமதியோடு, அவர் அருகில் இருக்கையில் உள்ளே சென்றோம். எதை மாற்றுமுன்னும் பழைய எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டோம். இணைப்புக் கொடுத்தவர் போட்டிருந்த பயனர் பெயர்ப் பக்கத்தின் அருகே செல்லவில்லை. அதில் கை வைத்தால் இணைப்பே போய்விடும். நான்கு கைபேசிகளுக்கும் போகும் வேகத்தை ஆளுக்கு 2 மெகாபிட் என்று வரையறுத்தோம். நான்குக்கும் சேர்த்து 8; மீதி 2 எப்போதும் டேப்லெட்டுக்கு. போகும் வழி நிரம்பவில்லையானால் வாசலில் வரிசையும் இல்லை. கூடவே, ரவுட்டரின் கடவுச்சொல் வாங்கியபடியே இருந்ததைக் கண்டு அதையும் மாற்றினோம். கைபேசிகளின் படச் சேமிப்பை இரவில் நிறுத்திவைக்கும்படி அண்ணனிடம் கேட்டிருந்தால் இதில் பாதி வேலை மிச்சம்தான். கேட்டோம், அவன் இசையவில்லை.

அன்றிரவு எட்டரைக்குப் பிங் 45ல் நின்றது. பாட்டி முதலில் நம்பவில்லை. முதற்பாதியைச் சொல்லிவிட்டு வழக்கம்போல் கொஞ்சம் நிறுத்தினார். அதற்குள் மகளின் குரல் வந்துவிட்டது. அண்ணன் மட்டும் தன் கைபேசியில் வேகச் சோதனை செய்து, போகும் வேகம் 2 என்று காட்டுகிறதே, கெடுத்துவிட்டீர்களே என்று எங்களோடு இன்னும் சண்டை பிடிக்கிறான். பாட்டி அவனைக் கூப்பிட்டு நான்காம் பத்தைச் சொல்லவைத்துவிட்டார். ஐந்தாம் பத்து குவைத்திலிருந்து தொடங்குகிறது.