மக்காச்சோளமும் எத்தனாலும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தை, மாசியில் வேப்பந்தட்டை, குன்னம் பக்கம் போகிறவர்கள் தார்ச்சாலையில் பாதியைக் காயப் பரப்பிய மக்காச்சோளத்துக்கு விட்டுக்கொடுத்துத்தான் வண்டி ஓட்ட வேண்டும். தமிழ்நாட்டில் மக்காச்சோளம் அதிகம் விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் முன்வரிசையில் இருக்கிறது. பக்கத்து அரியலூரும் சளைத்ததில்லை. இதுவரை நாமக்கல் கோழிப்பண்ணைகளை நம்பி விளைந்த இந்தப் பயிருக்கு இப்போது இன்னொரு வாடிக்கையாளர் வந்திருக்கிறார்: பெட்ரோலில் 20 சதவீதம் கலக்கப்படும் எத்தனால். அதைச் சுற்றி நம் ஊர்களில் பல பேச்சு உலவுகிறது.

"எத்தனால் என்றால் சர்க்கரை ஆலைச் சரக்குதானே?"

எறையூர், சாத்தமங்கலம் ஆலைகளுக்குக் கரும்பு வெட்டி அனுப்பிப் பழகியவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. ஒரு டன் கரும்பின் சாற்றை நேரடியாக நொதிக்க வைத்தால் ஏறக்குறைய 70 லிட்டர் கிடைக்கும்; சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸிலிருந்து 10 லிட்டர்தான். சர்க்கரைத் தட்டுப்பாட்டுக்கு அஞ்சி 2023 டிசம்பரில் கரும்புச்சாற்று எத்தனாலை ஒன்றிய அரசு கட்டுப்படுத்தியது. அந்த 2023-24 விநியோக ஆண்டில் நாட்டின் எத்தனாலுக்கு மிகப்பெரிய மூலப்பொருளாக மக்காச்சோளம் முந்திக்கொண்டது. பெட்ரோலியத்தில் பிறக்கும் எத்திலீனோடு நீராவியைச் சேர்த்தும் எத்தனால் செய்யலாம். ஆகவே எல்லா எத்தனாலும் வயலில் விளைந்தது என்பதும் சரியில்லை.

"செடியிலிருந்து வருகிறது, அதனால் சுத்தமான எரிபொருள்"

பாதி உண்மை. நொதிக்கும்போது வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு, பயிர் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதுதான். கணக்கு மாறுவது பாய்லரில். மாவைக் கூழாக்கவும், நொதித்த கரைசலைக் காய்ச்சி வடிக்கவும், மிஞ்சும் சக்கையை உலர்த்தவும் நாள் முழுக்க நீராவி வேண்டும். கரும்பாலைக்குச் சொந்தமாகக் கரும்புச் சக்கை இருக்கிறது. அதை எரித்து மின்சாரமும் எடுக்கிறார்கள். தானிய ஆலைக்கு அந்த வசதி இல்லை. உமி கிடைக்காத இடத்தில் நிலக்கரிதான் எரிகிறது. வயலுக்குக் கொட்டும் யூரியாவையும் சேர்த்துப் பாருங்கள்: அதிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடு, எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைவிட 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். நிலக்கரிப் பாய்லரில் காய்ச்சிய எத்தனாலைப் பசுமை எரிபொருள் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

"மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் செலவு குறைவு"

இது நம் மண்ணில் பெரும்பாலும் உண்மை. கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க 2,860 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை சொல்கிறது. நம் கரிசலில் மக்காச்சோளம் புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விளைகிறது. அதே பயிரைக் கோடையிலும் போர்த் தண்ணீர் இறைத்து விளைவிக்கத் தொடங்கினால் இந்தச் சாதகம் போய்விடும்.

"எத்தனால் எடுத்தாலும் சக்கை கோழித் தீவனமாகத் திரும்பிவிடும், இழப்பில்லை"

நூறு கிலோ மூட்டை ஒன்றிலிருந்து சுமார் 38 லிட்டர் எத்தனால் வரும். எடையில் 30 கிலோ. கிட்டத்தட்ட அதே எடை வாயுவாகப் போகும். இன்னொரு 30 கிலோ, டிடிஜிஎஸ் என்று தீவன வியாபாரிகள் சொல்லும் உலர் சக்கையாக மிஞ்சும். அதில் புரதம் இருக்கும், மாவுச்சத்து இருக்காது. கோழிக்கு மக்காச்சோளம் போடுவதே அந்த மாவுச்சத்து தரும் தெம்புக்காகத்தான். எனவே சக்கை மக்காச்சோளத்தின் இடத்தை நிரப்பாது. புரதத்துக்காகச் சேர்க்கும் பிண்ணாக்கில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டும்.

இதைவிடக் கவலை தருவது பூஞ்சணம். களத்துக்கு இடமில்லாமல் சாலையில் பரப்பிய மணி எதிர்பாராத ஒரு மழையில் நனைந்து, சரியாகக் காயாமல் மூட்டையானால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உருவாகலாம். காய்ச்சி வடிக்கும்போது அது எத்தனாலோடு போவதில்லை, சக்கையிலேயே தங்கிவிடும். மூன்று பங்கு தானியம் ஒரு பங்கு சக்கையாகச் சுருங்குவதால் நஞ்சும் ஏறக்குறைய மூன்று மடங்கு அடர்ந்துவிடும். ஊருக்கு ஓர் உலர்களமும் ஈரப்பதம் பார்க்கும் கருவியும் கேட்பது நம் உரிமை.

"எத்தனால் வந்தாச்சு, இனி விலை இறங்காது"

2025 நவம்பரில் வட கர்நாடக மக்காச்சோள விவசாயிகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். சந்தையில் கிடைத்ததோ அதைவிடப் பல நூறு ரூபாய் குறைவு. எத்தனால் ஆலைகள் உள்ள மாநிலம் அது. அரசுக் கொள்முதல் இல்லாமல் ஆலை மட்டும் விலையைத் தாங்கிப் பிடிக்காது.

"ஆலை வருவதாக இருந்தால் ஊரைக் கேட்காமலா வரும்?"

வரலாம். பெட்ரோலில் கலப்பதற்கென்றே எத்தனால் தயாரிக்கும் ஆலைகள் பல, மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் இல்லாமலே சுற்றுச்சூழல் அனுமதி பெற 2021-இல் ஒன்றிய அரசு விதிகளைத் தளர்த்தியது. தமிழக அரசும் 2023-இல் எத்தனால் கொள்கை ஒன்றை வெளியிட்டு முதலீட்டை அழைத்திருக்கிறது. பாய்லரில் என்ன எரியும், தண்ணீர் எந்தப் போரிலிருந்து வரும், கழிவுநீர் எங்கே போகும் என்ற கேள்விகளை, கூட்டம் போடுவார்கள் என்று காத்திராமல், கிராமசபையில் இப்போதே எழுப்பித் தீர்மானமாகப் பதிவுசெய்ய வேண்டும்.