பிரித்துச் சேர்த்த ஜெனரேட்டர் கிளம்ப மறுத்தால்

கடை ஜெனரேட்டரைப் பட்டறையில் விட்டு, போரிங் செய்து, பிஸ்டன் ரிங் மாற்றி, கேட்ட தொகையையும் கொடுத்துக் கொண்டுவந்து வைக்கிறோம். கரண்ட் போகிறது. கயிற்றை இழுக்கிறோம், இழுக்கிறோம், தோள்பட்டைதான் வலிக்கிறது. ஐஸ்கிரீம் பெட்டியும் தயிர்ப் பாக்கெட்டும் காத்திருக்குமா? 2012-இல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தபோது வாங்கிய சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர்கள் இன்னும் பல கடைகளில் உள்ளன. எனவே இம்முறை இதையே பாடமாக எடுத்துக்கொண்டேன்.

ஓடித் தேய்ந்த எஞ்சின் நின்றுபோவது வேறு. பிரித்துச் சேர்த்த எஞ்சின் கிளம்பாதது வேறு. முன்னதில் எது தேய்ந்தது என்று தேட வேண்டும். பின்னதில் கை பட்ட இடங்கள் எவை என்று தேட வேண்டும்.

முதலில் எஞ்சின் ஆயிலைப் பாருங்கள். இந்த அளவு எஞ்சினுக்கு அரை லிட்டர் சுற்றித்தான் ஆயில் பிடிக்கும். அது குறைந்தால் எஞ்சின் கெட்டுவிடாமலிருக்க, பல மாடல்களில் உள்ளே ஒரு சென்சார் இருக்கிறது. ஆயில் இறங்கியதும் அது பிளக்குக்குப் போகும் மின்சாரத்தை எர்த் செய்துவிடும். அதன் பிறகு எத்தனை முறை இழுத்தாலும் பொறி வராது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பட்டறையில் ஒரே இழுப்பில் ஓடிய எஞ்சின் என் கடை வாசலில் அசையவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். அவர் வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் ஜெனரேட்டரைத் தூக்கிச் சமதரையில் வைத்து இழுத்தார், ஓடியது. ஆயில் கீழ்க்கோட்டில் இருந்தது. நான் வைத்த இடமோ சாக்கடைப் பக்கம் சரிந்த நடைபாதை. அன்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஆயில் சரியாக இருந்தால் அடுத்தது பொறி. பெட்ரோல் குழாயை மூடிவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள். கேப்பை மாட்டி, பிளக்கின் இரும்பு உடலை, பிளக் துளைக்கு எட்ட, எஞ்சின் உடலில் ஒட்டிவைத்து ஒருவர் கயிற்றை இழுக்கட்டும். பிளக்கை ரப்பர் பிடி போட்ட குறடால் பிடிக்கவும். சிந்திய பெட்ரோல் அருகில் இருக்கவே கூடாது. நீலப் பொறி வந்தால் நல்லது. வராவிட்டால், ஃப்ளைவீல் மூடியை மாட்டும்போது சுவிட்ச் ஒயர் நசுங்கி எர்த் ஆகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதோடு, காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் இடையே கனமான விசிட்டிங் கார்டு நுழையும் அளவே இடைவெளி இருக்க வேண்டும். கழற்றி மாட்டியவர்கள் இதை அளக்காமல் விட்டுவிடுவதுண்டு.

பொறி இருக்கிறது, எஞ்சின் கிளம்பவில்லை என்றால் பிளக்கின் நுனியைப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை: குழாய், கார்ப்பரேட்டர் ஜெட். நனைந்து வழிந்தால் சோக்கைத் திறந்து, பிளக்கைத் துடைத்துக் காயவிட்டுப் பிறகு இழுங்கள். பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் பழைய ரகம் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. மண்ணெண்ணெயிலேயே நிறுத்திய எஞ்சினின் கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் மண்ணெண்ணெய்தான் தேங்கி நிற்கும். குளிர்ந்த எஞ்சின் அதில் கிளம்பாது. அடித் திருகைத் தளர்த்தி அதை வடித்துவிட்டுப் பெட்ரோல் வரவிடுங்கள். பல மாதம் டேங்கில் கிடந்த பெட்ரோலையும் நம்ப வேண்டாம்.

இரண்டும் சரியென்றால் பிரச்சினை உள்ளே. கயிற்றை மெதுவாக இழுக்கும்போது ஓரிடத்தில் கை தடைபட வேண்டும். தடையே இல்லாவிட்டால் பிளக் துளையில் ஒரு சிறு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, சில முறை இழுத்துப் பாருங்கள். தடை கூடினால் கசிவு ரிங் பக்கம். கூடாவிட்டால் வால்வு சரியாக உட்காரவில்லை, அல்லது டேப்பட் இடைவெளி இல்லாமல் இறுக்கிவிட்டார்கள், அல்லது ஹெட் கேஸ்கட்.

இழுக்கும்போது கயிறு வெடுக்கென்று கையைப் பின்னுக்கு இழுத்தால் நிறுத்திவிடுங்கள். ஃப்ளைவீல் நட்டை அரைகுறையாக இறுக்கியதால் உள்ளே இருக்கும் சின்னச் சாவி நசுங்கி, பொறி நேரம் தவறியிருக்கலாம். சாவி நன்றாக இருந்தால், கேம் பல்சக்கரத்தின் குறி ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டதா என்று பார்க்க வேண்டும். இதற்கு எஞ்சினை மறுபடி பிரித்தாக வேண்டும், கூலி பட்டறையுடையது. சோதித்ததை வரிசையாகச் சொன்னால் நல்ல மெக்கானிக் வாதாட மாட்டார்.

கிளம்பியதும் ஷட்டரை இறக்கிக்கொண்டு கடைக்குள் ஓட்டிப் பார்க்காதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, ஆளைக் கொன்றுவிடும். முதல் சில மணி நேரத்துக்கு ஃப்ரீசரை மாட்டாமல் விளக்கும் விசிறியும் மட்டும் போடுங்கள். சுமார் 20 மணி நேரம் ஓடியதும் ஆயிலை மாற்றிவிடுங்கள். புது ரிங் உரசிய தூள் அதில்தான் இருக்கும்.