பூட்டும் நிரலும்

வெள்ளாறு வங்கக் கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த பழந்துறைமுகம் பரங்கிப்பேட்டை. போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலரும் வாணிகம் செய்த அவ்வூரில், மீன் வாங்குவோர் இன்று கைப்பேசி வழியாகவும் பணம் செலுத்துகின்றனர். நான்கு அல்லது ஆறு இலக்கங்கள் கொண்ட இரகசிய எண்ணை அழுத்தியதும் பணம் ஒரு வங்கிக் கணக்கிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கிறது. அவ்வெண் வழியிற் களவு போகாமற் காப்பது குறியாக்கம் ஆகும். செய்தியைப் பிறர் அறிய இயலாதவாறு உருமாற்றுதலே குறியாக்கம்.

பூட்டுதற்கு ஒரு திறவுகோல், திறத்தற்கு வேறொரு திறவுகோல் என்னும் புதுமையான கருத்தை 1976ஆம் ஆண்டில் டிஃபி, ஹெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் வெளியிட்டனர். பூட்டும் திறவுகோலை ஊரறியச் சொல்லலாம். திறக்கும் திறவுகோலை மட்டும் மறைத்து வைத்தல் வேண்டும்.

இக்கருத்தைக் கற்ற நிரலர் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய பூட்டைத் தாமே செய்துகொள்ளலாகாதோ? அங்கேதான் இடர் உளது. நான்கு இலக்க எண்கள் 0000 முதல் 9999 வரை 10,000 மட்டுமே. பூட்டும் திறவுகோலோ எல்லார்க்கும் தெரிந்தது. ஆகவே கள்வன் பத்தாயிரம் எண்களையும் தானே பூட்டிப் பார்த்து, வழியிற் கவர்ந்த செய்தியோடு ஒப்பிடுவானாயின், எண் வெளிப்பட்டுவிடும்; கணிப்பொறிக்கு இது நொடிப்பொழுதுப் பணி. கணிதத்தில் யாதொரு பிழையும் இல்லை. பூட்டு மட்டும் பயனற்றதாயிற்று! ஒவ்வொரு முறையும் எவரும் ஊகிக்க இயலாத வேறோர் எண்ணை உடன்கலந்து பூட்டியிருத்தல் வேண்டும். தேர்ந்த நிரலரும் இத்தகைய நுட்பங்களை மறப்பதுண்டு.

இக்குறை தீர, வல்லுநர் செய்த பூட்டைப் பிறர் அப்படியே எடுத்தாளும் நிரல் தொகுப்புகள் தோன்றின. பெர்ன்ஸ்டைன் முதலியோர் ஆக்கிய ஒரு தொகுப்பு, உப்பின் வேதியியற் குறியீட்டையே பெயராகப் பூண்டது. வேண்டுமிடத்தில் ஒரு கட்டளை எழுதினாற் போதும். கலத்தல், பூட்டுதல், முத்திரையிடல் யாவற்றையும் அதுவே செய்யும்.

2016ஆம் ஆண்டில் யூ.பி.ஐ. முறையைத் தொடங்கிய இந்தியத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகமும் இவ்வழியையே மேற்கொண்டது. இரகசிய எண்ணைப் பெற்றுப் பூட்டும் நிரல் தொகுப்பைக் கழகமே ஆக்கி, செயலிகளுக்கு வழங்குகிறது. செயலிகள் பலவாயினும் எண்ணைக் கேட்கும் திரை எங்கும் ஏறக்குறைய ஒன்றுபோல் தோன்றுவது இதனாலேயே. அத்திரை செயலியின் உள்ளே தோன்றினும் செயலிக்கு உரியதன்று. அழுத்திய எண்ணைச் செயலி காண்பதில்லை. பூட்டிய செய்தியை வாங்கி அனுப்புவதே அதன் வேலை.