அளந்து விட்ட மீன்

மீன்பிடிப் போட்டி என்றவுடன், கரையில் குவிந்து கிடக்கும் மீன்களும் அவற்றை நிறுக்கும் தராசுமே நம் நினைவுக்கு வரும். அமெரிக்க நாட்டின் சிற்றேரிகளில் நடைபெறும் கயாக் மீன்பிடிப் போட்டிகளில் இவ்விரண்டையும் காண இயலாது. வெற்றி பெற்றவரும் மாலையில் வெறுங்கையுடனேயே கரையேறுவார்.

கயாக் என்பது ஒருவர் அமர்ந்து துடுப்பு வலிக்கும் ஒடுங்கிய சிறுபடகு. வடதுருவத்தை அடுத்த பனிநிலங்களில் வாழும் இன்யூட் மக்கள், மரத்தாலும் எலும்பாலும் சட்டம் அமைத்து, அதன்மேல் கடல்நாயின் தோலைப் போர்த்தி இதனைச் செய்தனர். சொல்லும் அவர்களுடையதே. நம் கட்டுமரம் ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ ஆனதைப் போல, அவர்களது படகின் பெயரும் உலகெங்கும் பரவிற்று. இன்றைய கயாக் பெரும்பாலும் நெகிழியால் ஆனது; மகிழுந்தின் கூரைமேல் கட்டி எடுத்துச் செல்லலாம். பொறிப்படகை இறக்க வழியில்லாத சிற்றேரியிலும் இஃது எளிதில் நுழையும்.

இப்போட்டியில் தேடப்படும் மீன் பாஸ். நீர்ச்செடிகளின் நிழலிலும் மூழ்கிய மரக்கிளைகளின் இடுக்கிலும் பதுங்கியிருந்து இரைமீது பாயும் நன்னீர் மீன் இது. சிற்றேரியில் சிறுமீன்தானே இருக்கும் என்று எண்ண வேண்டா. 1932-ஆம் ஆண்டு ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் பிடித்த பெருவாய் பாஸ் ஏறத்தாழ 10 கிலோகிராம் எடையுடையது. அது கிடைத்த மான்ட்கோமரி ஏரி, ஆறு போக்கு மாறியதால் பிரிந்து நின்ற ஒரு சிறு நீர்நிலையே.

வேட்டையில் கொடியதாகிய இம்மீன், குஞ்சுகளைக் காப்பதில் வியப்புக்குரியது. இளவேனிலில் ஆண்மீன் கரையோரத்து ஆழமற்ற நீரில், வாலால் அடிமண்ணைத் துடைத்துக் கூடு அமைக்கும். பெண்மீன் முட்டையிட்டு நீங்கிவிடும். காவல் முழுவதும் தந்தையின் பொறுப்பு. அதனை அவ்விடத்தினின்று அகற்றினால், அருகில் காத்திருக்கும் பிற மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடும். எனவே பிடித்த மீனை எங்கே, எவ்வளவு விரைவில் விடுகின்றனர் என்பது பெரிதும் கருதத்தக்கது.

ரே ஸ்காட் என்பவர் 1972-இல், தாம் நடத்திய பொறிப்படகுப் போட்டிகளில் மீனைக் கொல்லாமல் திரும்ப விடும் வழக்கத்தைப் புகுத்தினார். அது பெரிய மாற்றமே. எனினும் அங்கே மீனைப் படகின் நீர்த்தொட்டியில் மாலை வரை வைத்திருந்து, நிறுத்த பின்னரே விடுவர். மீன் பிழைத்தாலும் கூடு தொலைவில் இருக்கும்.

கயாக் போட்டியாளரோ பிடித்த இடத்திலேயே மீனை அளக்கிறார். நனைந்த கையால் அதனை எடுத்து, நனைத்த அளவுப்பலகையில் கிடத்துவார். உலர்ந்த கை பட்டால் மீனின் உடலைக் காக்கும் வழுவழுப்பான படலம் சிதையும். மீனின் வாய் மூடியிருக்க வேண்டும். மூக்கு, பலகையின் தலைப்பிலுள்ள தடுப்பைத் தொட வேண்டும். அன்றைய போட்டிக்குரிய அடையாளச் சீட்டும் தெரியுமாறு படம் எடுத்து, மீனை உடனே நீரில் விடுவார். படம் கைப்பேசி வழியே நடுவரைச் சென்றடையும். பெரும்பாலும் மிக நீளமான ஐந்து மீன்களின் கூட்டுத்தொகையே வெற்றியை முடிவு செய்கிறது.

சொல்வது எளிது. படகு ஆடுகிறது, மீன் துள்ளுகிறது, ஒரு கையில் கைப்பேசி. படம் எடுக்குமுன் மீன் நீரில் குதித்துவிட்டால், அஃது எத்துணைப் பெரியதாயினும் கணக்கில் சேராது. பார்த்தவர் பத்துப் பேர் இருந்தாலும் பயனில்லை.

பயிற்சி

1. ஆண் பாஸ் மீனைக் கூட்டிலிருந்து அகற்றினால் நிகழ்வது யாது?
2. ஒருவர் பிடித்த ஆறு மீன்களின் நீளம் 14, 17¼, 12½, 19, 15¾, 16 அங்குலம். அவர் பெறும் கூட்டுத்தொகை எவ்வளவு?
3. பிரித்து எழுதுக: சிற்றேரி, வெறுங்கை.
4. நீங்கள் வாழும் ஊரின் ஏரியிலோ ஆற்றிலோ மீன் பிடிக்கும் ஒருவரிடம், எந்த மீனை அவர் திரும்ப விடுவார் எனக் கேட்டு, ஐந்து வரிகளில் தமிழில் எழுதுக.