குளத்து மீனைக் காப்பீர்

கமக்காரர்களே! புரட்டாதி மாதத்தில் இரணைமடு போன்ற பெருங்குளங்களிலும் நீர் குறையும். மீன்கள் ஆழமான இடங்களில் ஒதுங்கும். அக்காலத்திற் சிறுகண் வலையிட்டால் ஒரே நாளிற் பெருந்தொகை மீன் கிடைக்கும். ஆனால் வரும் மாரியிற் பெருகவேண்டிய மீனும் அதனோடு அழிந்துபோம்.

1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா தன் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காக்கும். விரால் தன் குஞ்சுக் கூட்டத்தைச் சுற்றிக் காவல் செய்யும். காவல் மீனைப் பிடித்தாற் குஞ்சும் மடியும்.

ஆகவே பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுங்கள்:

1. இழுத்தளக்கும்போது கண் 8.5 சென்ரிமீற்றரிற் குறைந்த செவுள் வலையை இடாதீர்கள். சட்டமும் அதனைத் தடுக்கின்றது.
2. நஞ்சோ வெடியோ உபயோகியாதீர்கள்.
3. ஆழமான மடுவொன்றையேனும் கலக்காது விடுங்கள்.
4. பயிர்மருந்து தெளிகருவியைக் குளத்திற் கழுவாதீர்கள்.

விதைநெல்லை உண்பவன் பெரும்போகத்தில் எதனை விதைப்பான்? குளத்து மீனுக்கும் அஃதே விதி.