கொல்லிமலை ஜீப் ட்ரிப்: தலைக்கு 3,500 ரூபாய்ல ஆரம்பிச்சு 2,40,000-ல முடிஞ்ச கணக்கு

ட்ரிப் பட்ஜெட் பத்தின வீடியோல "வண்டிக்கு ஏதாவது ஆச்சுன்னா?"ன்னு ஒரே வரியில கேட்டுட்டு அடுத்த பாயின்ட்டுக்குப் போயிட்டேன். ஒரு வரியில தாண்டுற விஷயம் இல்லை அது. எனக்கே நடந்ததால இங்க விரிவா எழுதுறேன்.

நான் சிஏ முடிச்ச புதுசு. சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து பசங்க 12 பேர், எல்லாருக்கும் வேலை கிடைச்சு ஒண்ணு ரெண்டு வருஷம். ரெண்டு ஃபோர் பை ஃபோர் வண்டி எடுத்துட்டு கொல்லிமலைக்குப் போய், ஒரு மிளகுத் தோட்டத்துல டென்ட் போடுறதுன்னு பிளான். பட்ஜெட் போட்டது நான்தான். ரெண்டு வண்டி, ரெண்டு நாள் வாடகை 20,000. டீசல் 6,000. தோட்டத்துல தங்க தலைக்கு 800 வீதம் 9,600. சாப்பாடு 6,400. மொத்தம் 42,000, தலைக்கு 3,500. எக்செல்ல பார்க்க அவ்வளவு அழகா இருந்துச்சு.

வண்டி யாரோடது? நண்பனோட நண்பன் ஒருத்தர். ஆசைப்பட்டு வாங்கி, இஎம்ஐ கட்ட முடியாம, வார இறுதியில தெரிஞ்சவங்களுக்கு வாடகைக்கு விட்டுட்டு இருந்தார். வெள்ளை போர்டு. "பார்த்து ஓட்டுங்கப்பா"ன்னு சாவியைக் கொடுத்தார். பேப்பர்ல ஒரு கையெழுத்து கிடையாது.

காரவள்ளியில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி செம்மேடு போனவங்களுக்குத் தெரியும், அந்த ரோட்டுக்கு ஃபோர் பை ஃபோரே தேவையில்லை. டவுன் பஸ் போற ரோடு. பிரச்சனை தார் ரோடு முடிஞ்சு, தோட்டத்துக்குள்ள போற மண் பாதையில வந்துச்சு. முந்தின நாள் மழை. நடுவுல ஒரு ஓடை. முதல் வண்டி தாண்டிடுச்சு. ரெண்டாவது வண்டி நடுவுல நின்னுடுச்சு. ஓட்டினவன் பதட்டத்துல திரும்பத் திரும்ப செல்ஃப் அடிச்சான். நாங்களும் கரையில நின்னு "இன்னொரு தடவை அடிடா"ன்னு கத்துனோம்.

செய்யவே கூடாதது அதுதான். காத்து உறிஞ்சுற வழியா இன்ஜினுக்குள்ள தண்ணி போயிடுச்சுன்னா, பிஸ்டன் மேல வரும்போது அந்தத் தண்ணியை அமுக்க முடியாது. காத்து அமுங்கும், தண்ணி அமுங்காது. வளையுறது கனெக்டிங் ராடு. தண்ணிக்குள்ள வண்டி நின்னா சாவியைத் தொடாம இறங்கி, கயிறு கட்டி இழுத்து, மெக்கானிக் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் பண்ணணும். எங்கள்ல யாருக்கும் அது தெரியாது.

மலையில இருந்து வண்டியை இறக்குன செலவையும் சேர்த்து பில் 2,40,000. இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு ரூபாய்கூட தரலை. ரெண்டு காரணம் சொன்னாங்க. ரெண்டுமே சரிதான்னு இப்போ எனக்குத் தெரியும்.

முதல் காரணம், அது சொந்த உபயோகத்துக்கான பாலிசி. பாலிசி பிடிஎஃப்ல வண்டியை எதுக்கெல்லாம் பயன்படுத்தலாம்னு ஒரு பத்தி இருக்கும். சின்ன எழுத்துல, யாரும் படிக்காத இடத்துல. வாடகைக்கு விட்டா செல்லாதுன்னு அதுல தெளிவா போட்டிருக்கும். ரெண்டாவது காரணம், தண்ணி புகுந்து இன்ஜின் போறதை வழக்கமான ஃபுல் கவர் பாலிசி 'தொடர் விளைவு நஷ்டம்'னு ஒதுக்கிடும். அதுக்கு இன்ஜின் புரொடெக்ட்னு தனி ஆட்-ஆன் எடுத்திருக்கணும். அந்த வண்டிக்கு எடுக்கலை.

அப்புறம் ஒரு நாள், எங்க ஆபீஸுக்கு வரவு செலவு பார்க்க வர்ற நாமக்கல் லாரி ஓனர் ஒருத்தர்கிட்ட இதைச் சொன்னேன். சிரிச்சுட்டார். "ஏனுங்க தம்பி, இத்தனை படிச்சுருக்கறீங்க, போர்டு என்ன கலர்னு பாக்கலீங்களா? பர்மிட் இல்லாத வண்டியில நான் பத்து மூட்டை ஏத்தமாட்டனுங்க"ன்னார். அவருக்கு ஆடிட்டர் நான். அன்னைக்கு அவர்தான் எனக்குப் பாடம் எடுத்தார்.

போர்டு கலர் விஷயம் இதுதான். வெள்ளையில கருப்பு எழுத்துன்னா சொந்த உபயோகம். மஞ்சள்ல கருப்பு எழுத்துன்னா டாக்ஸி, அதாவது டிரைவரோட வர்ற வாடகை வண்டி. கருப்புல மஞ்சள் எழுத்துன்னா நீங்களே ஓட்டுற வாடகை வண்டி. இந்தக் கடைசி வகைக்கு மத்திய அரசோட 1989-ம் வருஷ ரென்ட்-எ-கேப் திட்டம் இருக்கு. அதுல லைசென்ஸ் வாங்கவே குறைஞ்சது 50 வண்டி வேணும். ஆக, ஒத்தை வண்டி வெச்சிருக்கிற நண்பர் அந்த லைசென்ஸ்ல வாடகைக்கு விட வழியே இல்லை. பர்மிட் இல்லாம வாடகைக்கு ஓடுனா ஆர்சியை சஸ்பெண்ட் பண்ண மோட்டார் வாகனச் சட்டம் 53-வது பிரிவுல இடம் இருக்கு. சாவி வாங்குறதுக்கு முன்னாடி வண்டி நம்பரை எம்-பரிவாகன் ஆப்ல போட்டுப் பாருங்க. என்ன வகை வண்டி, இன்சூரன்ஸ் எது வரைக்கும்னு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

"அப்போ கருப்பு போர்டு வண்டி எடுத்தா சேஃப் தானே?" ரோட்டுல சேஃப். மண் பாதையில? செல்ஃப் டிரைவ் கம்பெனிகள் பலவற்றோட ஒப்பந்தத்துல ஆஃப்-ரோடு ஓட்டக் கூடாதுன்னு ஒரு ஷரத்து இருக்கும். மீறினா டெபாசிட்டும் போகும், ரிப்பேர் செலவும் உங்க தலையில. 'அக்ரீ' பட்டனை அமுக்கும்போது நீங்க ஒத்துக்கிறது அதுக்கும் சேர்த்துத்தான்.

இப்போ அந்த 2,40,000-க்கு வருவோம். 12 பேருக்குப் பிரிச்சா தலைக்கு 20,000. அன்னைக்கு ராத்திரி குரூப்ல எல்லாரும் "பார்த்துக்கலாம் மாப்ள, நாங்க இருக்கோம்"ன்னாங்க. ஒரு வாரத்துல பணம் கொடுத்தது நானும் இன்னொருத்தனும் மட்டும். மிச்சப் பேர்ல ஒருத்தன், "நான் முதல் வண்டியில இருந்தேனே"ன்னான். இன்னொருத்தன், "ஓட்டினது நீதானே மாப்ள"ன்னான். வண்டி ஓனர்கிட்ட இருந்தது, ஓட்டினவனோட லைசென்ஸ் போட்டோவும் போன் நம்பரும்தான். தினமும் போன் அவனுக்குத்தான் வந்துச்சு.

அவன் கையில வாங்குற சம்பளம் அப்போ 38,000. மீதி 2,00,000-க்கு பர்சனல் லோன் போட்டான். 15 சதவீத வட்டி, 24 மாசம். இஎம்ஐ 9,697. வட்டி மட்டும் 32,700 ரூபாய்க்கு மேல. அடுத்த ஒரு வருஷத்துல இன்னும் மூணு பேர் கொடுத்தாங்க, 60,000 வந்துச்சு. ஆக அசல்ல 1,40,000 அவன் கையை விட்டுப் போச்சு, வட்டி தனி. அவனோட நியாயமான பங்கு 20,000. அந்த குரூப்ல இருந்து அவன் வெளியே போய் ரொம்ப நாளாச்சு. என் கல்யாணத்துக்கும் வரலை. நான் கொடுக்க வேண்டியதை முதல் வாரமே கொடுத்துட்டேன்தான். ஆனா பட்ஜெட் போட்டவன் நான். ரிப்பேர் வந்தா யார் பொறுப்புன்னு ஒரு வரி அதுல போட்டிருந்தா, மத்தவங்க கொடுக்காம இருந்திருக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன். அவங்க யாரும் கெட்டவங்க இல்லை. பில் வந்த பிறகு பங்கு பேசினா, ஒவ்வொருத்தருக்கும் ஒரு நியாயம் கிடைச்சுடுது.

அதனால இப்போ எந்த ட்ரிப்னாலும், கிளம்புறதுக்கு முன்னாடி குரூப்ல நான் போடுற மெசேஜ் இது. அப்படியே காப்பி பண்ணிக்கோங்க:

"வண்டிக்கு எந்த சேதம் வந்தாலும், இன்சூரன்ஸ் கொடுத்தது போக மீதி எல்லாருக்கும் சமம். எந்த வண்டியில உட்கார்ந்தோம், யார் ஓட்டினாங்கன்னு பார்க்க மாட்டோம். குடிச்சிட்டு ஓட்டினா முழுச் செலவும் ஓட்டினவருக்கு. தலைக்கு 5,000 டெபாசிட், ட்ரிப் முடிஞ்சு திங்கட்கிழமை திரும்பி வரும். சம்மதம்னா 'சரி'ன்னு போடுங்க."

'சரி' போடாதவங்களுக்கு வண்டியில சீட் இல்லை. சங்கடமாத்தான் இருக்கும். 12 பேர்னா 60,000 கையில இருக்கும். 2,40,000-க்கு அது பத்தாது, ஆனா ஒரே ஆள் லோன் ஆப்பைத் திறக்கிற நிலைமை வராது. குடிக்குத் தனி வரி ஏன்னா, போதையில ஓட்டினா இன்சூரன்ஸும் கிடைக்காது.

ஆஃப்-ரோடுதான் ஆசைன்னா எனக்குப் பிடிச்ச ஏற்பாடு கொழுக்குமலை மாதிரி. இடம் தேனி மாவட்டம், ஆனா ஜீப் பாதை கேரளாவுல சூரியநெல்லியில இருந்துதான். உள்ளூர் டிரைவர் ஓட்டுவார், ஒரு ஜீப்புக்கு இவ்வளவுன்னு வாடகை. சூரிய உதயம் பார்க்க இருட்டுலயே கிளம்புவாங்க. இடுப்பு எலும்பு கழண்டுடும், அது வேற. பாதை தெரிஞ்சவர் கையில ஸ்டீயரிங் இருக்கும், ரிப்பேர் வந்தா உங்க பாக்கெட்டைத் தொடாது. அங்கேயும் போர்டு கலரைப் பார்த்துட்டு ஏறுங்க. தலைக்குக் கூட ஐநூறு ஆனாலும் நான் அதைத்தான் எடுப்பேன்.

ஆள் விஷயம். பாலிசியோட கட்டாயமா வர்ற 15 லட்சம் விபத்து கவர், ஓனரே ஓட்டினா மட்டும்தான். கடன் வாங்கி ஓட்டுற உங்களுக்கு அது கிடையாது. வண்டிக்கு தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தா, சொந்த உபயோகக் கார்ல சும்மா உட்கார்ந்து வர்றவங்களுக்கும் கவர் இல்லை. கம்பெனி கொடுக்குற மெடிக்ளெய்ம் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டும், ஆனா மூணு மாசம் படுத்துட்டா சம்பளத்தைக் கட்டாது. உங்க பேர்ல தனியா ஒரு பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி எடுத்துக்கோங்க, பிரீமியம் பெருசா இருக்காது. அனுமதி இல்லாம காப்புக்காட்டுக்குள்ள டென்ட் போடாதீங்க. 2018 மார்ச்ல குரங்கணி காட்டுத்தீயில 20 பேருக்கு மேல இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீங்க.

ட்ரிப் முடிஞ்சு மலையிறங்கும்போதே சிலருக்கு ஒரு காய்ச்சல் வரும், "நாமளே ஒண்ணு வாங்கிடலாம்டா"ன்னு. 12 லட்சம் லோன், 9.5 சதவீதம், 7 வருஷம்னா இஎம்ஐ சுமார் 19,600. வருஷத்துக்கு ரெண்டு தடவை மண் பாதையைப் பார்க்க, வருஷத்துக்கு 2,35,000. எங்களுக்கு வண்டி கொடுத்தவரும் இப்படித்தான் மாட்டினார். வாங்கி மூணு மாசம் போனாத்தான் தெரியும். அதனால மூணு மாசம் கழிச்சும் ஆசை இருந்தா அப்போ பேசலாம்.

கடைசியா, மெயில்ல அடிக்கடி வர்ற ரெண்டு வரிக் கேள்விகள். எல்டிஏல இந்த ட்ரிப்பை கிளெய்ம் பண்ணலாமா? நண்பர்களோட செலவுக்கு முடியாது. எல்டிஏ விலக்கு பழைய வரி முறையில மட்டும்தான், அதுவும் உங்களுக்கும் குடும்பத்துக்கும் ஆன பயணக் கட்டணத்துக்கு மட்டும். டென்ட்டும் சாப்பாடும் அதுல வராது. ஒருத்தர் அக்கவுண்ட்ல 11 பேர் பணம் போட்டா வருமான வரி வருமா? செலவுக்காக வாங்கி செலவு பண்ணினது வருமானம் இல்லை. பில்லையும் அந்த வாட்ஸ்அப் மெசேஜையும் வெச்சுக்கோங்க, போதும். ஆனா தலைக்கு 300 லாபம் வெச்சு மாசா மாசம் ட்ரிப் நடத்தினா அது தொழில். அந்த லாபத்தை ரிட்டர்ன்ல காட்டணும்.