சாம்பல் மழையில் நனைந்த கப்பல்

கேள்வி: ஹிரோஷிமா, நாகசாகி வரை போக நேரமில்லை. டோக்கியோவிலேயே அணு ஆயுத வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம் உண்டா?

பதில்: உண்டு. ஷின்-கிபா ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். ‘கனவுத் தீவு’ என்று பொருள்படும் யுமேனோஷிமாவின் பூங்காவில் இருக்கிறது அந்தக் காட்சிக்கூடம். உள்ளே முழுசாக நிற்பது ‘டாய்கோ ஃபுகுரியூ மாரு’ என்ற மரக்கப்பல். சூரைமீன் பிடிக்கப் போனது.

1954 மார்ச் 1. பிகினி பவழத்தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. போட்ட கணக்கு சுமார் 6 மெகாடன், வெடித்ததோ 15. ஏறக்குறைய 160 கிலோமீட்டர் தள்ளியிருந்த இந்தக் கப்பலின் மேல்தளத்தில் வெள்ளைச் சாம்பல் கொட்டியது. கதிரியக்கம் ஏறிய பவழத்தூள் அது. கப்பலில் இருந்த 23 பேரும் பாதிக்கப்பட்டார்கள். ரேடியோ இயக்குநர் குபோயாமா ஐகிச்சி செப்டம்பரில் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் வந்த ‘காட்சில்லா’ படத்துக்கு இந்தச் சம்பவமும் ஒரு தூண்டுதல்.

பிறகு அந்த மரக்கப்பல் மாணவர்களின் பயிற்சிக் கப்பலாக ஓடி, 1967-இல் கழித்துக் கட்டப்பட்டு, அப்போது குப்பைமேடாக இருந்த இதே யுமேனோஷிமாவில் கிடந்தது. பொதுமக்கள் குரல் கொடுத்துக் காப்பாற்றினார்கள். 1976-இல் கூடம் திறந்தது.

எஞ்சின்? அது வேறொரு கப்பலுக்கு விலைபோய், அதோடு சேர்ந்து கடலில் மூழ்கி, 1996-இல் மேலே வந்தது. கூடத்துக்கு வெளியே வைத்திருக்கிறார்கள். அனுமதி இலவசம், திங்கட்கிழமை மட்டும் தவிர்த்துவிடுங்கள், விடுமுறை.